மூஞ்சிக்கு நேரே பாடுகிறவள்

அவள் வார்த்தைகளோடு பாடி நான் முதலில் கேட்ட பாட்டை ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் கேட்டேன். இடம் பெருங்களத்தூர் பஸ் நிறுத்தம். தீபாவளிக்கு ஊருக்குப் போகிற கூட்டம் பையும் பெட்டியுமாக ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றிருந்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு பெண் கிடாரை மாட்டிக்கொண்டு, எதிரில் நின்ற பையனின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்று, அவன் தன்னிடம் சொன்ன பொய்களை ஒவ்வொன்றாகப் பாடிக்கொண்டிருந்தாள். மெட்டு என்னவோ பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குப் போட்டது போல அத்தனை குஷியாக இருந்தது. அதனால் முதல் இரண்டு வரி வரைக்கும் அந்தப் பையன் சிரித்துக்கொண்டே நின்றான். சுற்றி நின்றவர்கள் செல்போனைத் தூக்கினார்கள். மூன்றாவது வரியில் அவன் சிரிப்பு காணாமல் போனது. பாட்டு முடிவதற்குள், வந்து நின்ற ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டான். அவன் போக வேண்டியது செங்கல்பட்டு. ஏறியது திருச்சி வண்டி.

நான் சுபாவத்திலேயே பயந்தவன். மின்சார ரயிலில் யாராவது குரலை உயர்த்திப் பேசினாலே அடுத்த பெட்டிக்கு மாறிவிடுகிற ஆள். அவளோ முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே லாரிக்குப் பின்னால் வந்தாள்.

"முடிஞ்சிச்சு அண்ணா. இனிமே ரெக்கார்ட் பண்லாம்," என்றாள்.

பதிவு செய்ய வேண்டியவன் நான். சேலையூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் அப்போது சின்னதாக ஒரு இசை லேபிள் நடத்திக்கொண்டிருந்தேன். லேபிள் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிய ஒரு அறை, இரண்டு மைக், ஒரு கம்ப்யூட்டர். சினிமாவுக்குப் போகாத, போக முடியாத பாட்டுகளைப் பதிந்து இணையத்தில் ஏற்றுவோம். 'இங்க நிக்காது' என்ற குழு எங்களிடம் வந்தபோது அவர்கள் மூன்று பேர். அவள் கிடார் வாசித்துக்கொண்டே பாடுவாள். பேஸ் கிடாருக்கு ஒரு பையன்; அவன் வாயைத் திறந்து நான் பார்த்ததே குறைவு. டிரம்ஸுக்கு இன்னொருவன், அவனைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் வாசித்தது பாப் பங்க். சந்தோஷமான மெட்டில், தலைதெறிக்கிற வேகத்தில் சண்டை போடுகிற இசை என்று வைத்துக்கொள்ளலாம். காதலன் மேல், வாத்தியார் மேல், வீட்டுக்காரர் மேல் இருக்கிற கடுப்பையெல்லாம் குதித்துக்கொண்டே பாடுவார்கள்.

முதல் நாள் ஒரு பாட்டை வாசித்துக் காட்டச் சொன்னேன். டிரம்ஸ் பொரிந்தது, கிடார் உறுமியது, அவள் கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகிப் பாடினாள்: "பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம்..." அடுத்த பாட்டு வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி.

"என்னம்மா இது, கண்டக்டர் மாதிரி?" என்றேன்.

"இது சும்மா அண்ணா, மெட்டுக்காக. வார்த்த வேற கீது. அத்த மொதல்ல அவனுக்குப் பாடணும். அப்பறந்தான் உங்களுக்கு."

எவனுக்கு என்று கேட்டதன் விளைவுதான் பெருங்களத்தூரும் தண்ணீர் லாரியும்.

இதுதான் அவளுடைய வழக்கம். யாரைப் பற்றிய பாட்டோ, அந்த ஆளின் முகத்துக்கு நேரே நின்று முதலில் பாடிவிட வேண்டும். அதுவரைக்கும் சொந்தக் குழுவில் இருப்பவர்களுக்குக்கூட வார்த்தைகளைச் சொல்ல மாட்டாள். ஒத்திகை முழுக்க பஸ் நிறுத்தங்களின் பெயர்களை வைத்தே ஓடும். டிரம்ஸ்காரனும் பேஸ்காரனும் வாரக்கணக்கில் கூடுவாஞ்சேரிக்கு வாசித்துப் பழகிய பிறகு, அது உண்மையில் யாரைத் திட்டுகிற பாட்டு என்று தெரிந்துகொள்வார்கள்.

ஏன் இந்த வம்பு என்று ஒருமுறை கேட்டேன். அவளுடைய அம்மா கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்தவர். தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்றார்.

"எங்க அம்மா ஊர்ல முதுகுக்குப் பின்னால பேசுனா அசிங்கம் அண்ணா. மூஞ்சிக்கு நேரா எவ்ளோ வேணா திட்டலாம். தெருவே கூடி நின்னு பாக்கும். சாயங்காலம் அதே வூட்டுக்குக் கொழம்பு குடுத்தனுப்புவாங்க. ஒருத்தரப் பத்தி ஊருக்கெல்லாம் பாடிட்டு அவர்கிட்ட மட்டும் பாடாம இருந்தா, அது இன்னா பாட்டு?"

நியாயம்தான். ஆனால் ஒலிப்பதிவுக்கு முன்னால் ஒரு சண்டை கட்டாயம் என்பது எந்த லேபிளிலும் இல்லாத நடைமுறை. ஒவ்வொரு பாட்டுக்கும் என்னைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு வேறு போவாள். என் இரத்த அழுத்த மாத்திரை தொடங்கியது அந்த வருடத்தில்தான்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு துணிக்கடையில் அவள் வேலை பார்த்தாள். காலையிலிருந்து கடை மூடும்வரை விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது. சுவரில் சாய்ந்தாலும் திட்டு விழும். அவள் பாட்டுக் கட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சட்டைப் பிரிவில் கூட்டம் நெரிகிற நேரத்தில், மேனேஜர் முன்னால் போய் நின்றாள். நான் ஒரு வேட்டி அடுக்குக்குப் பின்னால் நின்று விலைச்சீட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் கத்துவார், ஆளைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். மனிதர் கடைசிவரை கேட்டார். முகம் சிவந்துவிட்டது. பிறகு மெல்லிய குரலில், "நானும் நின்னுகினு தானம்மா கீறேன்," என்றார்.

வேலை அன்றே போயிற்று. கடைக்கு வெளியே வந்ததும் நான் அனுதாபமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் கவனிக்கவே இல்லை. "அவரு சொன்னாரே, அந்த வரி என் பாட்டுலயே இல்ல அண்ணா. சேக்கணும்," என்றாள். சேர்த்தாள். ஆல்பத்தில் அந்தப் பாட்டு மேனேஜர் வரியோடுதான் இருக்கிறது. கேட்கிறவர்களுக்கு அந்த இடத்தில் ஏன் திடீரென்று மனம் இளகுகிறது என்று தெரியாது.

என்னையும் விட்டுவைக்கவில்லை. ஒரு நாள் நேராக எங்கள் சமையலறைக்கு வந்தாள். என் மனைவி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"உங்களப் பத்தி ஒண்ணு கீது அண்ணா. உக்காருங்க."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. யார் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிட்டு எதையும் செய்யாத ஒரு அண்ணனைப் பற்றிய பாட்டு அது. ஆட்டி ஆட்டியே அந்த அண்ணனின் தலை ஒருநாள் கழன்று சாம்பாரில் விழுந்துவிடும். என் மனைவி கரண்டியும் கையுமாக நின்று கேட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "என்னங்க, இவ எத்தனை வருஷமா நம்ம வீட்ல இருக்கா?" என்றாள். இன்னொரு முறை பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு அவளுக்கு இரண்டு தோசை போட்டாள். பாட்டு எப்படி என்று பாடியவள் கேட்டபோது நான் தலையைத்தான் ஆட்டினேன்.

இத்தனை நாளில் நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். பாடும்போது அவள் எதிராளியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். அவர் திட்டலாம், அழலாம், ஓடலாம், சிரிக்கலாம். முகம் மாற வேண்டும், அவ்வளவுதான். மாறிவிட்டால் அவளுக்குக் கோபமும் போய்விடும். பஸ் ஏறி ஓடிய பையனைப் பற்றிக்கூட அதன்பிறகு அவள் கடுமையாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

டிரம்ஸ்காரனுக்கு வருகிறேன். அவன் அந்தப் பகுதியின் பழைய ஊர்க் குடும்பத்துப் பிள்ளை. தாத்தா காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைவித்தவர்கள். அப்பா காலத்தில் நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றவர்கள். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் அவர்களுக்கு ஒரு ஷெட் இருந்தது. வாடகைக்கு இருந்த லேத் பட்டறை காலி செய்த பிறகு அதில்தான் குழு ஒத்திகை பார்த்தது. எட்டாம் வகுப்பிலிருந்து அவனும் அவளும் ஒரே பள்ளிக்கூடம். அவன் இல்லாமல் அவள் ஒரு மெட்டும் போட்டதில்லை. வாயால் டப் டப் என்று அவள் ஏதோ சொல்வாள்; அவன் அதைக் குச்சியில் பேசுவான்.

ஆல்பத்தில் ஒரு பாட்டு பாக்கி இருந்தபோது அவள் ஒரு மெட்டைக் கொண்டுவந்தாள். நான் கேட்டதிலேயே துள்ளலான மெட்டு அது. பல்லாவரத்தில் ஆரம்பித்து கூடுவாஞ்சேரி வரைக்கும் ஒரே ஓட்டம். டிரம்ஸ்காரன் அதற்காக ஒரு மாதம் உழைத்தான். "மச்சான், நான் அடிச்சதுலயே இதான்டா கெத்து," என்று பேஸ்காரனிடம் சொல்லிக்கொண்டே இருந்தான். இந்த ஒரு பாட்டு எங்கள் லேபிளைத் தூக்கி நிறுத்திவிடும் என்று நானும் கணக்குப் போட்டேன். யாரைப் பற்றியது என்று மட்டும் அவள் சொல்லவில்லை. கேட்டால் பேச்சை மாற்றினாள். இது அவளிடம் புதிது.

அந்த வருட மழையில் பீர்க்கன்கரணை தாண்டி அவள் வீட்டுக்குள் மறுபடியும் தண்ணீர் வந்தது. மறுபடியும் என்றுதான் சொல்ல வேண்டும். ஏரியை ஒட்டி அந்த மனையை அவள் அம்மா வாங்கிய பிறகு மூன்றாவது முறையோ நான்காவது முறையோ. நாங்கள் எல்லோரும் போய்ச் சேறு அள்ளினோம். டிரம்ஸ்காரனும் வந்து அள்ளினான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

வீடு காய்ந்ததும் ஒரு ஞாயிறு மத்தியானம் அவனிடம், "உங்க அப்பாவ ஷெட்டுக்குக் கூட்டியா மச்சான். ஒரு பாட்டு கீது," என்றாள். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்பா முன்னால் வாசிக்கப் போகிறோம் என்று தலைசீவிக்கொண்டு வந்திருந்தான்.

பெரியவர் வெள்ளைச் சட்டையில் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அவன் குச்சியைத் தட்டி ஒன்று, இரண்டு, மூன்று சொன்னான். அவள் பல்லாவரம் பாடவில்லை.

"ஏரிக்கரை வூடுன்னு சொல்லி வித்தீங்க பெரியவரே,
கரைய எங்க வச்சீங்க, கட்டிலுக்கு மேலயா?"

அவன் டிரம்ஸில் ஒரு அடி தப்பியது; பிறகு பிடித்துக்கொண்டான். அவள் நிறுத்தவில்லை.

"கடலுக்கே பயப்படாத எங்க அம்மா
அடுப்பு மிதக்கிறதப் பாத்து அழுதிச்சே.
உங்க வூட்ல மட்டும் தண்ணி ஏன் வரல?
ஏரி எங்க படுக்கும்னு உங்க அப்பாருக்குத் தெரியுமே!"

நான் பெரியவரின் முகத்தைப் பார்க்கப் பயந்து அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மனிதர் புன்னகையோடு தலையை அசைத்து ரசித்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் கை தட்டினார்.

"சூப்பர்மா! கட்டிலுக்கு மேலயான்னு கேட்டியே, நல்ல வரி. எங்க அப்பாருக்கு ஏரியப் பத்தி எல்லாம் அத்துப்படிமா. அவரையும் பாட்டுல சேத்துட்ட பாரு! நம்ம ஏரியாவுக்குன்னு ஒரு பாட்டு இல்லாம இருந்திச்சு." போன் அடித்தது. ஏதோ மனை விஷயம். பேசிக்கொண்டே எழுந்து காரில் ஏறிப் போய்விட்டார்.

அவருக்குப் புரியவில்லையா, புரிந்தும் ஒன்றும் உறைக்கவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு வருடம் எவ்வளவோ பேர் அவரிடம் இதையே அழுதும் கத்தியும் சொல்லியிருப்பார்கள். மெட்டோடு யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மூஞ்சி மாறவே இல்ல அண்ணா," என்றாள். அந்தக் குரலை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

அப்போது டிரம்ஸ் பக்கமிருந்து சத்தம் வந்தது. "அவரு மூஞ்சிய ஏன் பாக்குற? இங்க பாரு." அவன் எழுந்து வந்து அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். சீவிய தலை கலைந்திருந்தது. "எனக்கும் பாடு."

"நீயா வித்த? வித்தவருக்குப் பாடியாச்சு."

"பாடுன்றேன்ல."

அவள் கிடாரை எடுத்தாள். மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். கட்டில் வரி போயிற்று. அம்மா அழுத வரிக்கு வந்தாள். வார்த்தை வரவில்லை. மறுபடி முதலிலிருந்து பிடித்தாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றாள்.

"நிறுத்தாத," என்றான் அவன். "கடசி வரி எனக்குத்தான். எங்க தாத்தா என்னக் கைய புடிச்சி கூட்டிகினு போயி காட்டிகீறாரு, மழ வந்தா இது ஏரி படுக்குற எடம்டான்னு. நீங்க அங்க மனை வாங்குறீங்கன்னு நீ சொன்ன அன்னிக்கே எனக்குத் தெரியும். வாயத் தொறக்கல."

அவள் கிடாரைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வெளியே நடந்தாள். நடு ரோட்டில், கடையில், என் சமையலறையில் யாருக்கும் அஞ்சாமல் பாடியவள், ஒரு சிநேகிதன் முன்னால் நான்கு வரியை முடிக்க முடியாமல் போகிறாள் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் கெஞ்சிப் பார்த்தேன். பெரியவருக்கு நேரிலேயே பாடியாகிவிட்டது, வழக்கம் முடிந்துவிட்டது, இனி பதிவு செய்ய என்ன தடை என்றேன்.

"அவனும் அந்தப் பாட்டுல கீறான் அண்ணா. எனக்கு அப்ப தெரியாது. இப்ப தெரிஞ்சிச்சு. அவனுக்கு முழுசாப் பாடாம வார்த்தய வெளிய வுட மாட்டேன்."

"அப்போ ஆல்பம்?"

"அந்தப் பாட்ட மட்டும் ஸ்டாப்பு பேர வச்சே வுடுங்க."

அப்படியே வெளியிட்டோம். நடந்ததுதான் வேடிக்கை. பல்லாவரம், குரோம்பேட்டை என்று வெறும் நிறுத்தங்களை அடுக்குகிற அந்தப் பாட்டு பிய்த்துக்கொண்டு போயிற்று. அந்தந்த நிறுத்தத்தில் நின்று ஆடி வீடியோ போட்டார்கள். கல்லூரி விழாக்களில் கூட்டமே சேர்ந்து கத்தியது. இன்றைக்கும் என்னைப் பார்க்கிற இளைஞர்கள், தென்சென்னைக்கு இவ்வளவு ஜாலியான பாட்டு யாரும் எழுதியதில்லை சார் என்கிறார்கள். நான் தலையை ஆட்டுகிறேன்.

பாட்டுப் பிரபலமானது பெரியவர் காதுக்கும் எட்டியது. ஏரியின் மறுகரையில் அவர் ஒரு புது மனைப்பிரிவு போட்டிருந்தார். மனை பார்க்கிற நாளுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. தாம்பரத்திலிருந்தும் பெருங்களத்தூரிலிருந்தும் இலவச வேன், ஷாமியானா பந்தல், மத்தியானம் பிரியாணி. அதோடு இந்த முறை பாட்டுக் கச்சேரி. "உங்க குழுவ வந்து அந்தப் பஸ் பாட்டப் பாடச் சொல்லு," என்று மகனிடம் சொல்லிவிட்டார்.

அவன் எங்கள் மாடிக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு இதைச் சொன்னபோது, அவன் அப்பாவின் துணிச்சலை நினைத்து எனக்கே கோபம் வந்தது. முடியாது என்று சொல்லிவிடு என்றேன். என் வாழ்க்கையில் நான் தலையாட்டாத ஒரே சந்தர்ப்பம்.

"வரோம்னு சொல்லு," என்றாள் அவள். பிறகு அவன் எதிரில் போய் நின்றாள். "நான் அங்க இன்னா பாடுவேன்னு ஒனக்குத் தெரியும். வேணாம்னா இப்பவே சொல்லிடு மச்சான். மூஞ்சிக்கு நேரா சொல்லு."

அவன், "ஸ்னேர் டிரம்மு தோல மாத்தணும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

பந்தலில் கூட்டம் நன்றாகவே இருந்தது. குழந்தை குட்டிகளோடு, மனைப்பிரிவின் வண்ணப் படம் போட்ட காகிதத்தை விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தரையில் செம்மண் புதிதாகக் கொட்டி, வெள்ளைக் கல் நட்டிருந்தார்கள். முன்வரிசையில் பெரியவர். பந்தல் ஓரத்தில் சவுண்ட் மிக்சரைப் பிடித்துக்கொண்டு நான். பாட்டு பல்லாவரத்தில் தொடங்கியதும் எல்லோரும் கை தட்டினார்கள்; சின்னப் பிள்ளைகள் எழுந்து ஆடின. கூடுவாஞ்சேரி வந்தது. அங்கேயே முடிய வேண்டிய பாட்டு.

அவள் மைக் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, டிரம்ஸுக்கு நேர் எதிரே போய், அவன் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள்.

"ஏரிக்கரை வூடுன்னு சொல்லி வித்தீங்க பெரியவரே..."

அவள் பாடியது அவனுக்கு. கேட்டது பந்தல் முழுவதும். கட்டில் வரி வந்ததும் விசிறிக்கொண்டிருந்த காகிதங்கள் ஒவ்வொன்றாக நின்றன. பெரியவரின் ஆள் ஒருவன் என்னிடம் ஓடிவந்து, "யோவ், சவுண்ட நிறுத்துயா!" என்றான். நான் பழக்கதோஷத்தில் தலையை ஆட்டினேன். ஆனால் கை நகரவில்லை. அவன் என்னை முறைத்துவிட்டுப் பந்தலுக்குப் பின்னால் ஓடி ஜெனரேட்டரையே அணைத்துவிட்டான்.

ஸ்பீக்கர் செத்தது. கிடார் சத்தம் செத்தது. டிரம்ஸ் மட்டும் மிஞ்சியது. டிரம்ஸுக்குக் கரண்ட் வேண்டாம். அவன் அதே வேகத்தில் அடித்திருந்தால் அவள் குரல் ஒருவருக்கும் கேட்டிருக்காது. அப்பா எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அவன் குச்சியைத் திருப்பிப் பிடித்து, தோலை விட்டு விளிம்புக்கு வந்து, குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கிற மாதிரி மெதுவாகத் தட்ட ஆரம்பித்தான். தாளம் ஒரு அடிகூடத் தப்பவில்லை. அவள் அம்மா அழுத வரியைப் பாடினாள். நிற்கவில்லை. ஏரி படுக்கிற வரியைப் பாடினாள். மைக் இல்லாமல் அது கடைசி நாற்காலிவரை கேட்டது.

நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் அவளைப் பார்க்கவில்லை. மகனின் கையை, அந்தக் குச்சி விளிம்பில் மெல்லத் தட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மாறியது. ஒரே நிமிஷத்தில் பத்து வயது கூடிப்போன மாதிரி ஆகிவிட்டது. அவள் அதைப் பார்க்கவில்லை. அவளுக்கு முதுகு அந்தப் பக்கம்.

அதற்குப் பிறகு ஆனதெல்லாம் ஊகிக்கக் கூடியதுதான். ஷெட் போயிற்று. அவன் டிரம்ஸைத் தூக்கிக்கொண்டு எங்கள் மாடிக்கு வந்தவன், கொஞ்ச காலம் அங்கேயே இருந்தான். அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதில்லை என்று கேள்வி. குழுவும் அதிக நாள் ஓடவில்லை. அவள் வேலை கிடைத்து ஓசூர் பக்கம் போய்விட்டாள். வார்த்தைகளோடு அந்தப் பாட்டைப் பதிவு செய்யலாமே என்று நான் கேட்டபோது, "பாட வேண்டியவங்களுக்குப் பாடியாச்சு அண்ணா," என்று முடித்துக்கொண்டாள்.

ஆனால் என் மனதை விட்டுப் போகாதது அன்றைக்குப் பாட்டு முடிந்த பிறகு நடந்தது. பந்தலில் யாரும் கை தட்டவில்லை. பிரியாணி அண்டாவைத் திறந்த வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது. மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். கையில் மனைப்பிரிவுக் காகிதம். சேலையைப் பிடித்துக்கொண்டு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. நேராகப் பாடியவளிடம் வந்து நின்று கேட்டாள்.

"எம்மா, தண்ணி எது வரைக்கும் வரும்?"

அவள் கிடாரை முதுகுப் பக்கம் தள்ளினாள். உள்ளங்கையைத் தரைக்கு இணையாக விரித்து, தன் நெஞ்சுக்கு நேராக வைத்துக் காட்டினாள். அந்தக் கைக்குக் கீழேதான் குழந்தையின் தலை இருந்தது. குழந்தை ஏதோ விளையாட்டு என்று நினைத்து அண்ணாந்து பார்த்து, எம்பி அந்தக் கையைத் தொடப் பார்த்தது. எட்டவில்லை.

தாய் அந்தக் கையைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். அப்படியே வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, வேனுக்குக்கூடக் காத்திருக்காமல், வெயிலில் ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.